ஹாரர் கேம் இல்லாம, சாதா கேம்லயே நீங்க போக பயப்படுற ஏரியா எது?

கோத்தகிரி_கீபோர்டு:

எல்லாருக்கும் வணக்கம். மே லீவுக்கு கோயமுத்தூர்ல இருந்து சித்தப்பா பையன் வரான், காலேஜ் செகண்ட் இயர், "என்னய எந்த கேமும் பயமுறுத்தாது"னு இப்பவே போன்ல ஒரே பீத்தல். அவன எங்க வீட்டு மாடி ரூம்ல ராத்திரி உக்கார வெச்சு ஏதாச்சும் ஒரு ஏரியாவ ஆட விடணும், அதுக்கு ஐடியா வேணும்ங்க.

முழு ஹாரர் கேம் வேண்டாம். அதுல பயமா இருக்கும்னு தெரிஞ்சே தான உக்காருவான், திடீர்னு ஒரு மூஞ்சி வந்து கத்துனா யாருக்கா இருந்தாலும் தூக்கி போடும், அதெல்லாம் கணக்குல வராது. ஒழுங்கா போயிட்டு இருக்குற கேம்ல ஒரு இடம் வந்ததும் கை வேர்த்து "வேற வழி இருக்கா"னு மேப்ப தேடணும், அந்த மாதிரி இடம்.

என் ஓட்டு ஹாஃப் லைஃப் 2ல வர்ற ரேவன்ஹோமுக்கு. 2004ல வந்த கேம், இன்னும் அத அடிச்சுக்க ஆள் இல்ல. முன்னாடியே அந்த ஊர் பக்கம் இப்பல்லாம் யாரும் போறதில்லனு போற போக்குல சொல்லிட்டு பேச்ச மாத்திடுவாங்க, கொஞ்ச நேரத்துல நம்மளயே அங்க தள்ளி விட்டுடுவாங்க. ராத்திரி, செத்துப்போன ஊரு, தோட்டாவும் கம்மி, கீழ கெடக்குற ரம்ப பிளேட கிராவிட்டி கன்ல (பொருள இழுத்து வீசுற துப்பாக்கி) தூக்கி எறிஞ்சு தான் சமாளிக்கணும். மெதுவா வர்ற சோம்பிய கூட விட்டுடலாம், வேகமா ஓடுற வகை ஒண்ணு இருக்கு பாருங்க, அது சுவத்துல இருக்குற மழத்தண்ணி பைப்ப புடிச்சு மொட்ட மாடிக்கே ஏறி வரும். முதல்ல பைப்பு கடகடனு ஆடுற சத்தம் மட்டும் தான் கேக்கும், எந்த மூலைல இருக்குற பைப்புனு திரும்பி திரும்பி பாத்துட்டே நிக்கணும். இதுல கருப்பு ஹெட்கிராப்னு தலைய கவ்வுற ஒரு ஜந்து கடிச்சுதுன்னா ஹெல்த் ஒரே அடியில 1க்கு எறங்கிடும், நம்ம போட்டிருக்குற சூட்டே மருந்து ஏத்தி மெல்ல மேல வரும்தான், அந்த கேப்புல வேற எது தொட்டாலும் காலி.

எங்க மாடி ரூமுக்கு மேல தகர சீட்டு, ராத்திரியான்னா மரநாய் ஓடும். அது ரெண்டும் ஒண்ணா சேந்தா எப்பிடி இருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க. ஆனா ரேவன்ஹோம அவன் ஏற்கனவே முடிச்சுட்டானாம், அதான் உங்ககிட்ட வந்தேன். லேப்டாப் பழசு, கிராபிக்ஸ் கார்டு கெடையாது, அதயும் மனசுல வெச்சு சொல்லுங்க.

மலைப்பூண்டு (கொடைக்கானல்):

தம்பி, ஹாரர் வேண்டாம்னு சொன்னாலும் ஒண்ண சொல்லிட்டு தான் போவேன். சைலன்ட் ஹில், 1999ல வந்தது. அந்த ஊர் முழுக்க இருக்குற மூடுபனி தான் பயம்னு எல்லாரும் எழுதுவாய்ங்க, உண்மைல பிளேஸ்டேஷனால தூரத்துல இருக்குறத வரைய முடியல, அத மறைக்கத்தான் பனிய போட்டு வெச்சாய்ங்க. நமக்கு பனி என்ன புதுசா, மழைக்காலத்துல பூம்பாறை ரோட்டுல முன்னாடி போற வண்டியோட லைட்டு கூட தெரியாது, அதுல தான் நான் தெனமும் கடைய பூட்டிட்டு வீட்டுக்கு வரேன். என்னைய ஆட்டி வெச்சது அந்த கேம்ல குடுக்குற ரேடியோ. பக்கத்துல எதாச்சும் வந்தா அது கரகரனு இரையும், அம்புட்டுதான், எந்த பக்கம் என்ன வருதுனு சொல்லாது. ஒண்ணுமே சொல்லாம விட்டா கூட நிம்மதியா நடந்திருப்பேன்.

சரி உன் கண்டிஷனுக்கு வரேன். டார்க் சோல்ஸ் (2011) ஆடுனவன கேட்டா பாதி பேரு பிளைட்டவுன்னு சொல்வான், விஷ சேறு, பலகைப் பாலம், எங்கேயோ இருந்து ஊதி விடுற விஷ ஊசி, போதாக்குறைக்கு அப்போ பிளேஸ்டேஷன் 3ல அந்த ஏரியா வந்தாலே படம் தத்தி தத்தி தான் நகரும். எரிச்சல் தான் வரும், பயம் வராது. பயம்னா அதே கேம்ல வர்ற டூம் ஆஃப் த ஜயன்ட்ஸ், ராட்சசங்க கல்லறை. கும்மிருட்டு. வெளக்கு வேணும், இல்ல வெளிச்சம் தர்ற மந்திரம் வேணும், வெளக்க கையில புடிச்சா அந்த கையில கேடயம் புடிக்க முடியாது. அந்த இருட்டுக்குள்ள நாலு கால்ல தவழ்ந்து வர்ற ராட்சச எலும்புக்கூடு, மூஞ்சிக்கு பக்கத்துல வந்தப்புறம் தான் கண்ணுக்கு தெரியும். கதைல அதுக்கான நேரம் வரதுக்கு முன்னாடியே தெரியாத்தனமா எறங்கிட்டா டெலிபோர்ட்டும் கெடையாது, வந்த வழில இருக்குற கேட்டகோம்ப்ஸ்ங்கற சுரங்கக் கல்லறை முழுக்க திரும்ப ஏறித்தான் வெளிய வரணும். இதுக்கு நடுவுல பேச்சஸ்னு ஒரு ஆளு, "கீழ குழில பொக்கிஷம் இருக்கு பாரு"ன்னு நைசா பேசி பின்னாடி இருந்து ஒதச்சு உள்ள தள்ளுவான். அவன திட்டாதவன் ஒருத்தன் கூட இருக்க மாட்டான்.

வர்க்கியும்_டீயும் (ஊட்டி):

நெட் சென்டர்ல மணிக்கணக்குக்கு காசு குடுத்து ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் ஆடுன ஆளுங்க யாரும் இல்லயா இங்க? பேக் ஓ பியாண்ட் காடு! அங்க மிஷனே கெடையாது, ஆளும் கெடையாது, அப்பறம் எதுக்கு அந்த காடுனு யோசிச்சு யோசிச்சே பாதி பயம் வந்துடும். டிரைவர் இல்லாம நசுங்கின கார் ஒண்ணு மேட்டுல இருந்து தானா உருண்டு வரும், சென்டர்ல இருக்குற பத்து பேரும் சேர போட்டுட்டு ஒரே கம்ப்யூட்டர் முன்னாடி வந்து நிப்போம், பேய் கார்னு. பிக்ஃபுட்னு ஒரு ராட்சச காட்டு மனுஷன் வேற. ராக்ஸ்டார்காரங்க அப்பிடி ஒண்ணு கேம்ல இல்லவே இல்லனு சொல்லியும் யாரும் நம்பல. சரிவுல நிறுத்துன கார் பிரேக் இல்லாம உருளுது, அவ்ளோதான் விஷயம்னு ரொம்ப நாள் கழிச்சு படிச்சப்போ, தெரியாமயே இருந்திருக்கலாம்னு இருந்துச்சு.

கூடலூர்காரி:

என் பையனுக்காக மைன்கிராஃப்ட் உள்ள வந்தவ நான், இப்ப அவன விட நான் தான் ஜாஸ்தி ஆடுறேன். தம்பி, உங்களுக்கு டீப் டார்க் தான் சரியா வரும். 2022ல வந்த 1.19 அப்டேட்ல சேத்தாங்க. பூமிக்கு ரொம்ப கீழ, அங்க வழக்கமா வர்ற சோம்பி, எலும்புக்கூடு எதுவும் தானா வராது, அமைதியா இருக்கும். நீங்க நடந்தா, கல்ல ஒடச்சா, பெட்டிய தெறந்தா அந்த அதிர்வ ஸ்கல்க் சென்சார் புடிக்கும், பக்கத்துல ஷ்ரீக்கர் இருந்தா அது அலறும். மூணு அலறல் வரைக்கும் எச்சரிக்கை தான், நாலாவதுக்கு தரைய பொளந்துட்டு வார்டன்னு ஒரு ராட்சச ஜந்து வரும்.

அதுக்கு கண்ணே கெடையாது. காது கேக்கும், மோப்பம் புடிக்கும். நமக்கு உயிர் 20 பாயின்ட்டு, அதுக்கு 500. மந்திரம் ஏத்தாத நெதரைட் கவசம் (கேம்லயே பலமானது) முழுசா போட்டிருந்தாலும் ரெண்டாவது அடில காலி, தூரமா ஓடினா செவுத்த தாண்டி வந்து அடிக்கிற ஒரு சத்தத்த விடும், அதுக்கு கவசமும் வேலைக்காகாது. அத கொன்னாலும் உருப்படியா ஒண்ணும் கெடைக்காது, சண்ட போடாதனு சொல்லாம சொல்றாங்க. அசையாம நின்னா ஒரு நிமிஷம் போல தேடிட்டு மறுபடி மண்ணுக்குள்ள போயிடும். அந்த ஒரு நிமிஷம் இருக்கே! எங்க லைன் வீட்டுக்கு பின்னாடி ராத்திரி யானை வந்து வாழைய சாய்க்கிறப்போ லைட்ட அணைச்சுட்டு பாத்திர சத்தம் கூட வராம உக்காந்திருப்போம், அதே தான் இது. பையன் மூச்ச அடக்கிட்டு இருந்தான், மூச்சு விட்டா கேமுக்கு கேக்காதுடானு சொல்லியும் விடல.

அங்கயே ஏன்ஷியன்ட் சிட்டினு ஒரு பழைய நகரம் இருக்கு, அந்த பெட்டிங்கள்ல மட்டும் தான் ஸ்விஃப்ட் ஸ்னீக் புக்கு (குனிஞ்சு நடக்குறப்ப வேகம் தர்ற மந்திரம்) கெடைக்கும், அந்த ஆசை காட்டியே உள்ள இழுத்துடுவாங்க.

கடலுக்கடில ஆடுற சப்நாட்டிகாவும் நல்ல சாய்ஸ் தான். அடிபட்டு கெடக்குற அரோரா கப்பலோட பின் பக்கம் கலங்கின தண்ணில ரீப்பர்ங்கற ராட்சச கடல் ஜந்து கத்துற சத்தம் கேட்டா போதும். கேம்ல ஆள கொல்ற துப்பாக்கியே கெடையாது. ஆனா உங்க பழைய லேப்டாப்புல அது இழுக்கும், வேண்டாம்.

ஓல்டு_சேவ்_ஃபைல்:

எல்லாரும் ஆபத்தையும் பயத்தையும் போட்டு குழப்புறீங்க. ஃபால்அவுட் நியூ வேகாஸ் (2010) எடுத்துக்கோங்க. குட்ஸ்பிரிங்ஸ்ல ஆரம்பிக்கிறோம், வேகாஸ் விளக்கு வடக்கால கண்ணுக்கே தெரியுது, நேரா போலாம்னு கெளம்புனா ஒரு வழில கசடோர்ங்கற ராட்சச விஷ குளவி, இன்னொரு வழில குவாரி ஜங்ஷன்ல டெத்கிளாங்கற நகம் நீண்ட ராட்சச மிருக கூட்டம். லெவல் 2ல போனா முழுசா ஒரு நொடி கூட நிக்க முடியாது. தெற்கால சுத்தி பிரிம், நிப்டன், நோவாக்னு கதைய கேட்டுட்டு வாடானு சொல்ல வெச்ச வேலி அது. செத்தா சிரிப்பு தான் வரும், லோட் போட்டுட்டு வேற பக்கம் போவோம். பட்டப்பகல், எதிரி முழுசா தெரியுது, இதுல எங்க பயம்? ரேவன்ஹோம்ல நெனச்ச அளவுக்கு யாரும் சாகறதில்ல, ஆனா பாதில எந்திரிச்சு போய் தண்ணி குடிப்பாங்க.

என்னை கேட்டா பயத்துக்கு பாதி காரணம் சேவ் தான். பிராஜக்ட் ஐஜிஐ (2000) ஆடுனவங்களுக்கு தெரியும், மிஷன் நடுவுல சேவ் கெடையாது. முக்கா மணி நேரம் ஊர்ந்து போய் கடைசி கேட்டுக்கிட்ட கேமரா பாத்து அலாரம் அடிச்சா வயித்துல ஒண்ணு கலக்கும் பாருங்க, பேய் இல்ல பிசாசு இல்ல, வெறும் காவக்காரங்க. அதனால அந்த பையன டார்க் சோல்ஸ்லயோ மைன்கிராஃப்ட்லயோ விடுங்க, அவன்கிட்ட இழக்க எதாச்சும் இருக்கணும். புது வேர்ல்டுல சும்மா கொண்டு போய் விட்டா செத்துட்டு கெக்கபிக்கனு சிரிப்பான்.

வர்க்கியும்_டீயும் (ஊட்டி):

பப்ஜில மிலிட்டரி பேஸ் பாலத்துல ஜீப்ல போயிருக்கீங்களா, அதுக்கு மேல ஒரு பயம் ஒலகத்துல இருக்கா 😂 நடுவுல ரெண்டு காரு குறுக்க நின்னாலே நான் கீழ குதிச்சு நீச்சல் தான்.

கோத்தகிரி_கீபோர்டு:

@மலைப்பூண்டு அண்ணா, டார்க் சோல்ஸ் இந்த லேப்டாப்புல ஏறுமானு சந்தேகம் தான், அதோட அந்த ஏரியா வரைக்கும் அவன் போறதுக்குள்ள லீவே முடிஞ்சுரும். @கூடலூர்காரி அக்கா, டீப் டார்க்னு முடிவு பண்ணியாச்சு. @ஓல்டு_சேவ்_ஃபைல் சொன்னதும் சரிதான், அதனால முதல் நாலு நாள் வேற எதுவும் சொல்லாம சர்வைவல்ல வீடு கட்ட விடுறேன், வைரம் கவசமெல்லாம் சேக்கட்டும், அப்புறம் எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு "வாடா ஒரு நல்ல புக்கு இருக்கு"னு கூட்டிட்டு போறேன். ஏன்ஷியன்ட் சிட்டி எங்க இருக்குனு லொகேட் கமாண்ட் போட்டு நான் முன்னாடியே பாத்து வெச்சுக்குறேன். வேற எதாச்சும் கவனிக்கணுமாக்கா?

கூடலூர்காரி:

கம்பளி விஷயத்த மட்டும் வாய தொறந்து சொல்லிடாதீங்க. கம்பளி பிளாக் மேல நடந்தா அதிர்வு போகாது, குனிஞ்சு நடந்தாலும் சென்சாருக்கு தெரியாது, அது ரெண்டும் தெரிஞ்சவன் பெட்டி மொத்தத்தையும் காலி பண்ணிட்டு வெளிய வந்துடுவான். செட்டிங்ல சப்டைட்டில் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, எந்த பக்கம் இருந்து சத்தம் வருதுனு அது அம்புக்குறி போட்டு காட்டிடும். பிரைட்னஸ கடைசி வரைக்கும் எறக்குனா Moody-னு வரும், அதுல வைங்க. ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் மாட்டி விடுங்க, வார்டனோட நெஞ்சு அடிக்கிற சத்தம் கோவம் ஏற ஏற வேகமாகும், அது காதுக்குள்ள கேக்கணும். அப்புறம் மே மாசம் வர்றான்ல, மலைக்கு வர்ற வண்டிக்கு இ-பாஸ் எடுத்துட்டு வர சொல்லுங்க, செக்போஸ்ட்லயே திருப்பி விட்டாங்கன்னா இவ்ளோ பிளானும் வேஸ்ட்டு.