சிங்கிள் பின் சைட்டோடு வேட்டைக்குப் போனவர்கள், நடந்ததை எழுதுங்கள்

டர்பன் வடக்கு:
வில்லில் குறிபார்க்கும் சைட்டை மாற்றிவிட்டுப் போன முதல் வேட்டை இது. தூரத்துக்கு ஒன்றாக ஐந்து குறிப்புள்ளி (பின்) இருந்த பழையதைக் கழற்றிவிட்டு, ஒரே பின்னை டயலால் ஏற்றி இறக்கித் தூரத்துக்கு வைக்கும் சிங்கிள் பின் மாட்டியிருந்தேன். பொங்கோலாப் பக்கம் ஒரு பண்ணை. மறைந்து உட்காரும் கூண்டான ஹைட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி 20 மீட்டர், டயலும் 20ல். நல்ல நியாலா மான் கிடா ஒன்று தொட்டியை நோக்கி வந்தது, வில்லை இழுத்துவிட்டேன். அது நேரே வராமல் ஒதுங்கிப் போய் முள்மரத்தடியில் பக்கவாட்டில் நின்றது. அந்த மரத்தை உட்கார்ந்ததுமே அளந்து வைத்திருந்தேன், 34. இழுத்துப் பிடித்த வில்லோடு எந்தக் கையால் டயலைத் திருப்புவது? பழைய சைட்டாக இருந்தால் இரண்டாவது பின்னுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வைத்து விட்டிருப்பேன். மெதுவாக வில்லைத் தளர்த்தினேன். கிடா தலையைத் தூக்கி நேராக ஹைட்டின் சந்துக்குள்ளேயே பார்த்தது, கண்களுக்கு நடுவே அந்த வெள்ளைப் பட்டை அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, அப்புறம் ஒரே தாவல். தளர்த்தியது சரிதான், இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். ஆனால் இந்தச் சைட் ஹைட்டுக்கு ஏற்றதா என்ற கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை.

மாரிட்ஸ்பர்க் வில்:
அண்ணா, ஒரு நியாலாவுக்காகச் சைட்டையே மாற்றிவிடாதீர்கள். நான் லிம்போபோவில் நடந்து தேடும் வேட்டைதான் போவேன். ஒருமுறை பொழுது சாயும் நேரம், தடம் பார்க்கும் டிராக்கர் கையைக் காட்டி உட்கார வைத்தார். முள்ளுக்கு நடுவே தட்டளவு இடைவெளி, அதில் ஒரு குடு மானின் தோள் மட்டும் தெரிகிறது. அதே மாதிரி வெளிச்சத்தில் முன்பு ஐந்து பின்னோடு நின்றிருக்கிறேன், பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக ஒன்றின் மேல் ஒன்று மின்னும், எது நாற்பது எது முப்பது என்று எண்ணி முடிப்பதற்குள் விலங்கு போய்விடும். இந்தமுறை அளந்தேன், 38, டயலைத் திருப்பினேன், இழுத்தேன். ஒரே ஒரு பச்சைப் புள்ளி, அதற்குக் கீழே குடுவின் உடம்பை எதுவும் மறைக்கவில்லை. அந்த ஒரு நொடி இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. குடு அறுபது மீட்டர் தாண்டவில்லை.

ஹைட்டுக்கு வழி எளிது. டயலை 20ல் விடாதீர்கள், 25ல் நிறுத்துங்கள். நொடிக்கு 280 அடி போகும் வில்லில் 20 மீட்டரில் அம்பு நாலைந்து சென்டிமீட்டர் மேலே படும், 30ல் எட்டு சென்டிமீட்டர் அளவு கீழே. நியாலாவின் நெஞ்சுக்கு அது போதும்.

தோங்காட் தம்பி:
மாரிட்ஸ்பர்க் அண்ணா சொல்லும் எட்டு சென்டிமீட்டர் கணக்கு அசையாமல் நிற்கும் விலங்குக்குத்தான். இம்பாலா மானுக்கு அதைச் சொல்லாதீர்கள். 280 அடி என்றால் நொடிக்கு 85 மீட்டர், சத்தம் போவது 340. முப்பது மீட்டரில் நாணின் சத்தம் முதலில் போய்ச் சேர்ந்து, அதற்குப் பிறகு கால் நொடி கழித்துத்தான் அம்பு சேரும். ம்குஸே பக்கம் ஒரு பெட்டை இம்பாலா, 31 மீட்டர், டயல் அதே 31ல், பின் நெஞ்சின் கீழ்ப்பாதியில். விட்ட மறுகணம் அது தாவக் கால்களை மடக்கித் தாழ்ந்தது, அம்பு முதுகுக்கு மேலே போனது, முதுகின் மயிர் அசைந்ததைக் கண்ணால் பார்த்தேன். காயம் இல்லை, அது மட்டும்தான் ஆறுதல். எத்தனை பின் என்று சண்டை போடுவதைவிட விழிப்பாக இருக்கும் இம்பாலாவுக்கு 25க்கு மேல் அம்பே விடக்கூடாது என்பதுதான் என் கட்சி.

மாரிட்ஸ்பர்க் வில்:
தம்பி, நான் சொன்னது நியாலாவுக்கு. இம்பாலா என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை.

லெனேசியா அக்கா:
என் கதை சின்னது. ஃப்ரீ ஸ்டேட்டில் ஒரு பிளெஸ்பாக் மான், திறந்த வெளி, 40. பக்கத்தில் என் தம்பி புதுச் சைட்டோடு. அவன் அம்பு விலங்கின் நெஞ்சுக்கு அடியில் புல்லைச் சீவிக்கொண்டு போனது. தூரம் அளக்கும் அவனுடைய ரேஞ்ச்ஃபைண்டர் சொன்னது மீட்டர், சைட்டில் ஒட்டியிருந்த, தூர எண்கள் போட்ட டேப் யார்டு. 40 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 44 யார்டு, அந்த வித்தியாசமே எட்டு சென்டிமீட்டர் இறக்கிவிடும். இங்கே யாரும் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்பதால் எழுதுகிறேன், கேட்காவிட்டாலும்.

இந்தச் சைட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன, டேப்பும் அவர்கள் கணக்கில்தான். சைட் வாங்கியதும் 20 மீட்டரிலும் 60 மீட்டரிலும் எய்து, டயல் நிற்கும் இரண்டு இடங்களையும் குறித்துக்கொண்டு, அந்த இரண்டு குறிக்கும் சரியாகப் பொருந்தும் டேப்பைத் தேடி ஒட்டுங்கள். அப்போது டேப்பில் உள்ள எண் அப்படியே மீட்டராகிவிடும். வேட்டை முனையை மாட்டி எய்து பாருங்கள், பயிற்சி முனையோடு நிறுத்தாதீர்கள். அம்பின் எடையை மாற்றினால் பழைய டேப் உதவாது, மறுபடியும் ஒட்ட வேண்டும். மிட்லண்ட்ஸ் மாதிரி மேடுபள்ளத்தில் வேட்டையாடுபவர்கள் சைட்டின் நீர்மட்டக் குமிழைச் சரிவில் பிடித்துப் பார்த்துத் திருத்துங்கள், சமதரையில் சரியாக இருப்பது மலைச்சரிவில் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் வாங்குமுன் சைட்டின் வளையம் நாணில் கண் வைத்துப் பார்க்கும் உங்கள் பீப் ஓட்டைக்குள் முழுதாக நிறைகிறதா என்று வில்லை இழுத்துப் பாருங்கள், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். ஹைட்டுக்குள் இருட்டு, பின்னுக்கு ஒளி கொண்டுவரும் ஃபைபருக்கு வெளிச்சம் கிடைக்காமல் பின் மங்கிப்போகும், அதனால் ஃபைபர் நீளமாகச் சுற்றியிருக்கும் சைட்டைப் பாருங்கள். 0.010 அங்குலப் பின் மெல்லியது, தூரத்து இலக்கை மறைக்காது, ஆனால் அந்த இருட்டில் 0.019 தான் கண்ணுக்குத் தெரியும்.

டர்பன் வடக்கு:
அக்கா, என் டேப்பைப் போய்ப் பார்த்தேன், மீட்டரில்தான் ஒட்டியிருக்கிறது. 25ல் நிறுத்தச் சொன்னது சரி, ஆனால் என் கிடா நின்றது 34ல், அதற்கு அதுவும் போதாது. ஸ்பாட் ஹாக் ஃபாஸ்ட் எடி மாதிரி ஒரே தண்டில் இரண்டு பின் வைத்து நகரும் சைட் இருக்கிறதே, மேல் பின் 20ல் இருந்தால் கீழ்ப் பின் எத்தனையில் நிற்கும் என்பது வில்லின் வேகத்தைப் பொறுத்தது என்கிறார்கள். 280 அடி வில்லில் அதை வைத்திருப்பவர் யாராவது உண்மையில் அளந்து பார்த்த எண்ணைச் சொல்லுங்கள். ஆகஸ்டில் மறுபடியும் அதே ஹைட்டுக்குப் போகிறேன், புரட்டாசி வந்துவிட்டால் வீட்டில் கறி ஏறாது.

தோங்காட் தம்பி:
என் சித்தப்பாவிடம் அது இருக்கிறது, வில்லும் ஏறக்குறைய அந்த வேகம்தான். ஞாயிற்றுக்கிழமை அளந்துவிட்டு எழுதுகிறேன். அந்த முள்மரத்தடிக்கு மட்டும் அதை நம்பி அம்பு விடாதீர்கள் அண்ணா, தொட்டிக்கு வரும்வரை காத்திருங்கள்.