வாடையில் பூட்டிக் கிடந்த விடுதியில் களவு: பொலிஸா, கமராவா, காவலாளா?

மூன்று அறை அக்கா:

திருகோணமலை உப்புவெளியில் கடலுக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில் விடுதி நடத்துகிறேன். பெரிதாக நினைக்க வேண்டாம். முன்னால் நாங்கள் இருக்கிற வீடு, பின்னால் மூன்று அறை, ஒரு கிணறு, ஒரு மாமரம். சித்திரை வருஷம் கழிந்தால் ஆட்கள் வரத் தொடங்குவார்கள், புரட்டாதியோடு ஓய்ந்துவிடும். வாடை தொடங்கிக் கடல் குழம்பினால் புறாத்தீவுக்குப் படகும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை. தனியே கிடக்கப் பயத்தில் பாலையூற்றில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து விளக்கேற்றி, நாய் மணிக்குச் சோறு வைத்துவிட்டுத் திரும்புவேன்.

போன கிழமை அடைமழை, மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்து குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. கிணற்றடியில் மோட்டர் இல்லை. குழாயை வெட்டவில்லை. குழாயைப் பொருத்துகிற யூனியனைக் கழற்றி, வயரைப் பிரித்து, நுனிக்கு டேப்பும் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான். களவெடுக்க வந்தவனுக்கு எனக்குக் கரண்ட் அடித்துவிடுமோ என்ற கவலை! பின்பக்கம் போனால் இரண்டு ஏசியின் செப்புக் குழாயும் இல்லை. அந்தக் கறுப்பு நுரை உறையை மட்டும் நீளத்துக்குக் கீறிக் கழற்றி மாமரத்தடியில் போட்டிருக்கிறான். பாம்புச் சட்டை என்று நினைத்து முதலில் பின்வாங்கிவிட்டேன். கால் கழுவுகிற இடத்துப் பித்தளைக் குழாயும் போய்விட்டது. அறைப் பூட்டைத் தொடவேயில்லை.

மோட்டர் 2021இல் மகன் கட்டாரிலிருந்து காசு அனுப்பி வாங்கியது, 22,000 ரூபா. அப்போது டொலர் 200 ரூபா. இப்போது அதே மோட்டருக்குக் கடையில் 45,000 சொல்கிறார்கள். ஏசிக்குக் குழாய், காஸ், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 38,000. எடுத்தவன் செப்பை நிறுத்து விற்று நாலைந்தாயிரம் பார்த்திருப்பான். எனக்கோ லட்சத்துக்கு மேல் செலவு. இந்தக் கணக்குத்தான் நெஞ்சை அடைக்கிறது.

2018இல் கடன் எடுத்துத்தான் இந்த மூன்று அறையையும் கட்டினேன். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்போடு அந்தச் சீசனுக்குப் பதிந்த எல்லாரும் ஒரே கிழமையில் ரத்துச் செய்தார்கள். அடுத்த வருஷம் கொரோனா. 2022இல் பெற்றோல் வரிசை. போன இரண்டு சீசனிலும்தான் கொஞ்சம் தலை நிமிர்ந்தேன்.

கேள்விகள் மூன்று. இவ்வளவுக்கும் பொலிஸில் போய் முறைப்பாடு போடுவதில் பயன் உண்டா? கமரா பூட்டினால் போதுமா, இல்லை இரவுக்கு ஒரு ஆளை வைக்க வேண்டுமா? ஆளுக்கு மாதம் 30,000 கேட்கிறார்கள். வருமானமே இல்லாத மாதத்தில் அதை எங்கே போய் எடுப்பது? காப்புறுதி ஒன்றும் கட்டுகிறேன், அது இதற்கு உதவுமா?

அப்புறம் சொல்லத் தயங்குகிற ஒன்று. பக்கத்து வளவில் எல்லாரும் ஒரு பெடியனைத்தான் கை காட்டுகிறார்கள். சீசனில் எனக்குக் கிணறு இறைத்துத் தந்தவன். "உங்கள் மணி குரைக்கவில்லையே அக்கா, தெரிந்த ஆள்தான்" என்கிறார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை.

நிலாவெளி நானா:

தங்கச்சி, முறைப்பாடு கட்டாயம் போடுங்கள். பொருள் கிடைக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. என்றைக்காவது ஒருவன் நாலு மோட்டரோடு அகப்பட்டால், அதில் ஒன்று உங்களுடையது என்று காட்டப் பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகத்தில் உங்கள் பதிவு இருக்க வேண்டும். என் கடைக்குப் பின்னாலிருந்த ஜெனரேட்டர் போனபோது நான் சோம்பலில் போடவில்லை. ஆறு மாதம் கழித்து அதை ஓரிடத்தில் கண்ணால் கண்டேன். என்னுடையது என்று நிறுவ ஒரு துண்டும் கையில் இல்லை.

போகும்போது மோட்டர் வாங்கிய பில், அதில் சீரியல் இலக்கம் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். 1988இல் வந்த 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, கேட்பதில் வெட்கமில்லை. தமிழ் எழுதுகிறவர் அன்றைக்கு இல்லை என்றால் எழுதியதை வாசித்து விளக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். எழுதிய நாளையும் பதிவு இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

யார் மேல் சந்தேகம் என்று கேட்பார்கள். கண்ணால் காணாத ஆளின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். "சந்தேகம் சொல்ல யாருமில்லை" என்றே எழுதலாம், அதில் குற்றமில்லை. பெயர் ஒருமுறை புத்தகத்தில் ஏறினால் அந்தப் பிள்ளைக்கு வேலைக்குப் போகிற இடமெல்லாம் அது முன்னால் போய் நிற்கும்.

கிடைத்தாலும் பொருள் உடனே கைக்கு வராது, சான்றுப் பொருளாக நீதிமன்றத்துக்குப் போகும். விண்ணப்பம் போட்டுப் பிணையில் எடுக்கலாம், அங்கேயும் அந்த பில்தான் வேண்டும். களவுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம்தான், 394ஆம் பிரிவு. பழைய இரும்புக்காரருக்கு இது நன்றாகவே தெரியும்.

புது மோட்டருக்கு சீமெந்துக் கட்டு போட்டு மேலே கம்பிக்கூடு ஒட்டிப் பூட்டுங்கள். உடம்பில் உளியால் உங்கள் எழுத்து ஒன்றைக் கொத்திவிடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

வயர்க்காரன்:

அக்கா, நான் டவுனில் கமரா பூட்டுகிற வேலை செய்கிறேன். வியாபாரம் கெடும் என்று தெரிந்தும் சொல்கிறேன்: எட்டுக் கமரா வேண்டாம். உங்கள் வளவுக்கு மூன்று போதும். படலைக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று, ஏசி இருக்கிற பின்சுவருக்கு ஒன்று. அறை வாசலையும் குளிக்கிற பக்கத்தையும் நோக்கி ஒன்றும் வைக்காதீர்கள், வருகிறவர்கள் முகம் சுழிப்பார்கள்.

கடற்கரையில் கமராவுக்கு முதல் எதிரி உப்பு. இணைப்புகளை வெறுமனே தொங்கவிட்டால் ஒரு வாடைக்குள் பச்சை பூத்துவிடும். பெட்டிக்குள் வைத்து மூடச் சொல்லுங்கள். இரண்டாவது எதிரி சிலந்தி. இரவு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வந்து கண்ணாடிக்கு முன்னால் வலை பின்னும். விடிய எடுத்துப் பார்த்தால் வெள்ளைப் புகைதான் தெரியும். மாதம் ஒருமுறை தும்புத்தடியால் தட்டிவிடுங்கள்.

பதிகிற பெட்டியை டீவிக்குக் கீழே வைக்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் வைக்கிறார்கள், கள்ளனும் நேரே அங்கேதான் போகிறான். பெட்டியைத் தூக்கினால் கதை முடிந்தது. அலுமாரி மேல்தட்டிலோ சீலிங்கிலோ மறையுங்கள். மழை இரவில் கரண்ட் போகும், அந்த நேரம்தான் அவர்களுக்கு வசதி. பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்துச் சின்ன யூபிஎஸ் ஒன்று போட்டால் கைபேசிக்குத் தகவல் வந்துகொண்டிருக்கும். பெட்டியில் நாலு கமராவுக்கு 1 டெராபைட் இடம் என்றால் பத்து நாள் மட்டில் பதிவு நிற்கும், உங்கள் மூன்றுக்கு இரண்டு கிழமை. அதற்குள் நீங்கள் வந்து பார்க்க வேண்டும், பிறகு பழையது அழிந்துவிடும்.

காவலுக்கு ஆள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கமரா பார்க்கும், படலையைப் பிடித்துக்கொண்டு நிற்காது.

மூன்று அறை அக்கா:

தம்பிக்கும் நானாவுக்கும் நன்றி. சிலந்தி விஷயம் சத்தியமாக எனக்குத் தோன்றியிருக்காது.

இதற்கிடையில் நேற்று இன்னொரு கூத்து. ஒருவர் வாட்ஸ்அப்பில் கதைத்து, கந்தோர் ஆட்களோடு நத்தாருக்கு வருகிறோம், மூன்று அறையும் வேண்டும் என்றார். முற்பணம் 30,000 கேட்டேன். கொஞ்ச நேரத்தில் 60,000 போட்டதாக வங்கி ஸ்லிப் படம் வந்தது. "கணக்குப்பிள்ளை தவறிப் போட்டுவிட்டார் அன்ரி, மிச்சம் 30,000ஐ எங்கள் வான் சாரதியின் கணக்குக்கு இப்போதே போட்டுவிடுங்கள், அவர் டீசல் அடிக்க நிற்கிறார்" என்று கெஞ்சல். களவு போன நாளிலிருந்து மூளை மரத்துத்தான் கிடக்கிறது, போடத்தான் போனேன். கை நின்றது ஒரு காரணத்தால்: நத்தாருக்கு, கொட்டுகிற மழைக்குள், கடல் குளிக்கத் திருகோணமலைக்கு யார் வருகிறார்?

கணக்கைப் பார்த்தேன். ஒரு சதமும் வரவில்லை. கேட்டால் "நாளைக்கு ஏறும்" என்றார்.

வயர்க்காரன்:

நல்ல காலம் அக்கா! எனக்கும் இப்படி இரண்டு தரம் வந்தது. வங்கிக்கு வங்கி காசு அனுப்புகிற செஃப்ட்ஸ் முறையில் போட்டால் உடனேயே கணக்கில் ஏறும். ஸ்லிப்ஸ் என்கிற மற்ற முறையில் போட்டால் தாமதமாகலாம், அதனால்தான் "நாளைக்கு" என்று சொல்லித் தப்புகிறார்கள். படத்தில் இலக்கம் மாற்ற இரண்டு நிமிஷம் போதும். ஸ்லிப்பைப் பார்க்கவே வேண்டாம், கணக்கைப் பாருங்கள். கூடப் போட்டதாகச் சொன்னால் "உங்கள் வங்கியிலேயே சொல்லித் திருப்புங்கள்" என்று விட்டுவிடுங்கள்.

மாஃபுஷி சமையல்காரன்:

நானும் திருமலைதான், மாலைதீவில் மாஃபுஷியில் ஒரு விடுதியில் சமைக்கிறேன். இங்கே சனம் வாழ்கிற தீவுகளில் விடுதி நடத்த விட்டதே 2009க்குப் பிறகுதான். அதுவரை வெள்ளைக்காரருக்கு வேறு தீவு, ஊராருக்கு வேறு தீவு. இந்தத் தீவை ஒரு தலையிலிருந்து மறுதலைக்குக் கால் மணித்தியாலத்தில் நடந்துவிடலாம், ஒரு பக்கத்தில் சிறைச்சாலையும் இருக்கிறது. ஒருவன் மோட்டரைத் தூக்கினால் படகில் ஏற்ற வேண்டும், படகுத்துறையில் எல்லாரும் பார்ப்பார்கள். நம் ஊரில் அப்படியில்லை. இரவு லொறியில் போட்டு ஏ6 வீதியைப் பிடித்தால் விடிவதற்குள் கொழும்புப் பக்கம்.

அதற்காக இங்கே சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். மோட்டருக்கு ஒரு வாஷர் வேண்டுமென்றாலும் மாலேயிலிருந்து படகு வரும் வரை முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார். நீங்கள் டவுனுக்கு ஓட்டோவில் போய் வாங்கலாம் அக்கா.

பத்திரம் எழுதுகிறவர்:

காப்புறுதிக் கேள்வியை யாரும் தொடவில்லை. நான் அந்தத் தொழிலில் பதினெட்டு வருஷம். உங்கள் பத்திரத்தை எடுத்து மூன்று இடம் பாருங்கள்.

ஒன்று, களவுக் காப்புறுதி பெரும்பாலும் பூட்டிய கட்டடத்தை உடைத்து நுழைந்ததற்குத்தான். கதவு உடைந்த அடையாளம் இருக்க வேண்டும். உங்கள் மோட்டரும் ஏசிக் குழாயும் வெளியில் இருந்தவை, அறைப் பூட்டு அப்படியே இருக்கிறது. வெளியில் உள்ளவற்றைத் தனியே எழுதிச் சேர்த்திருந்தால் மட்டுமே கேட்கலாம். மற்றது, ஆளில்லாத வீடு. தொடர்ந்து 30 நாளுக்கு மேல் யாரும் வசிக்காவிட்டால் பொறுப்பில்லை என்று பல பத்திரங்களில் இருக்கும். சீசன் விடுதிக்காரர் எல்லாரும் விழுகிற குழி இது. விளக்கேற்றிப் போவது வசிப்பதாகாது. முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து அவர்கள் சம்மதித்தால்தான் தப்பலாம்.

கடைசியாகப் பெறுமதி. பத்து லட்சம் பெறுமதியான சாமானை ஐந்து லட்சத்துக்குப் போட்டிருந்தால், ஒரு லட்சம் இழந்தால் ஐம்பதாயிரம்தான் தருவார்கள். 2021 விலையில் போட்டவர்கள் எல்லாரும் இன்று அரைக் காப்புறுதியோடுதான் இருக்கிறார்கள், தெரியாமலே.

மூன்று அறை அக்கா:

பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று குழியிலும் விழுந்திருக்கிறேன். அடுத்த தவணைக்கு முன் திருத்த வேண்டும்.

மகன் பழைய பில்லைப் படமெடுத்து அனுப்பினான், சீரியல் இலக்கம் இருந்தது. முறைப்பாடு போட்டாயிற்று. தமிழ் தெரிந்த பிள்ளை ஒருத்தி எழுதினாள், நல்ல கையெழுத்து. சந்தேகம் யாருமில்லை என்றே சொன்னேன். பக்கத்து வளவு அன்ரிக்கு அதில் கோபம், இன்னும் என்னோடு கதைக்கவில்லை. கமரா மூன்றுக்குச் சொல்லிவிட்டேன். ஆளுக்குப் பதில், தங்கச்சியின் மூத்தவன் இரவில் வந்து படுக்கச் சம்மதித்திருக்கிறான், பரீட்சைக்குப் படிக்க இடம் வேண்டுமாம்.

நேற்று விசாரிக்கப் பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். கிணற்றடி, மாமரத்தடி எல்லாம் பார்த்து எழுதினார்கள். அந்த நேரம் பார்த்து அந்தப் பெடியனும் புது மோட்டருக்குக் கட்டுப் போட சீமெந்துப் பையோடு வந்து நின்றான். மணி எழும்பி அவனை முகர்ந்தது. பிறகு பொலிஸ்காரரின் சப்பாத்தில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. வாழ்க்கையில் அவர்களை அது கண்டதேயில்லை.