ப்ளாக்கரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாறிவிட்டேன்: 27 செருகுநிரல்களில் எவற்றை வைத்துக்கொள்வது?

குடந்தை ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. சோழநாட்டு ஊர்ப்பெயர்களைப் பற்றி ஒன்பது ஆண்டுகளாக ப்ளாக்கரில் எழுதிவந்தேன்; 340 இடுகைகள் வரை சேர்ந்திருந்தன. சென்ற தை மாதம் சொந்த டொமைன் வாங்கி, ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றில் ஆண்டுச் சந்தா கட்டி, வேர்ட்பிரஸுக்கு மாறினேன். நிறுவியதும் பழைய இடுகைகளைக் கொண்டுவந்து சேர்த்ததும் என் தங்கை மகன். "இதெல்லாம் இருந்தால் நல்லது பெரியம்மா" என்று சொல்லிச் சொல்லி 27 செருகுநிரல்களையும் (தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்கள்) அவனே போட்டுவிட்டு, இப்போது வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான்.

எனக்குள்ள தொல்லைகள் நான்கு. முதலாவது, கைப்பேசியில் முகப்புப் பக்கம் திறக்க வெகுநேரம் ஆகிறதென்று வாசகர்கள் சொல்கிறார்கள். இரண்டாவது, "குடமூக்கு கும்பகோணமான கதை" என்று தலைப்பிட்டு வெளியிட்ட இடுகையின் முகவரி "குடமூக்கு-கும்பகோணமான-கத" என்று முடிகிறது. ஐகாரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதே முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் விழுக்காட்டுக் குறிகளாக நான்கு வரிக்கு நீள்கிறது. மூன்றாவது, நாள்தோறும் ஐம்பது அறுபது ஆங்கில விளம்பர மறுமொழிகள் வந்து குவிகின்றன. நான்காவது, தளத்தின் தேடுபெட்டியில் "குளம்" என்று தேடினால் குளத்தூர், குளத்தங்கரை பற்றிய இடுகைகள் வருவதில்லை.

செருகுநிரல்களின் பட்டியலில் பக்கங்களை ஆக்கிவைத்து விரைவாகக் காட்டும் தற்காலிகச் சேமிப்புக்கு இரண்டு (டபிள்யூபி சூப்பர் கேச், டபிள்யூ3 டோட்டல் கேச்), தேடுபொறிக்கு இரண்டு (யோஸ்ட், ரேங்க் மேத்), தளவரைபடத்திற்கு (தேடுபொறிகளுக்கான பக்கப் பட்டியல்) ஒன்று, படங்களைத் தாமதமாக ஏற்ற ஒன்று, வருகையாளர் எண்ணிக்கை காட்ட ஒன்று, வலச்சொடுக்கைத் தடுக்க ஒன்று, தொடர்புப் படிவத்திற்கு காண்டாக்ட் ஃபார்ம் 7, கிளாசிக் எடிட்டர் ஆகியவை இருக்கின்றன. மற்றவற்றில் பல எதற்கென்றே எனக்குத் தெரியாது. எதை எடுத்தால் எது விழுமோ என்ற அச்சத்தில் கைவைக்காமல் இருக்கிறேன்.

நிரல் நெசவாளன்

வணக்கம் அம்மா. எண்ணிக்கையைக் கண்டு கலங்க வேண்டாம். நன்றாக எழுதப்பட்ட முப்பது செருகுநிரல்களோடு விரைவாகத் திறக்கும் தளமும் உண்டு. மோசமான ஒன்றே ஒன்றால் முடங்கிப்போன தளமும் உண்டு. ஆனால் செருகுநிரல் எதுவானாலும், முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரல் உங்கள் தளத்துக்குள் முழு உரிமையோடு இயங்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ் அதற்கென்று தனி வேலி எதுவும் போடுவதில்லை. படிவம் காட்ட வந்த செருகுநிரல் நினைத்தால் தரவுத்தளம் முழுவதையும் படிக்கலாம், மாற்றலாம். ஏறத்தாழ இரண்டு லட்சம் தளங்களில் இருந்த "டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்" என்ற செருகுநிரலை 2017-இல் அதன் ஆசிரியர் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் அடுத்தடுத்த புதுப்பிப்புகளில் விளம்பரப் பக்கங்களைத் திணிக்கும் நிரலைச் சேர்த்தார்கள். அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து அதைத் திரும்பத் திரும்ப நீக்க வேண்டியிருந்தது. நல்ல செருகுநிரலும் கைமாறினால் கெடும் என்பதால், பயன் தெரியாத எதையும் வைத்திருக்கக் கூடாது என்பது என் வழக்கம்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். தளவரைபடத்தை உருவாக்குவதும் படங்களைத் தாமதமாக ஏற்றுவதும் 2020 ஆகஸ்டில் வெளியான 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸிலேயே அடங்கியிருக்கின்றன. ஆகவே அவ்விரண்டையும் தயங்காமல் எடுத்துவிடலாம். யோஸ்ட், ரேங்க் மேத் இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. இரண்டும் இயங்கினால் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் விவரக்குறிப்பு இருமுறை அச்சாகும். ஒன்று போதும். யோஸ்டை வைத்துக்கொண்டால், வாசிப்பெளிமைக்கென்று அது காட்டும் சிவப்பு, பச்சை விளக்குகளைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த அளவீடு ஆங்கிலம் உள்ளிட்ட சில மொழிகளுக்கென வகுக்கப்பட்டது, தமிழின் வாக்கியத்தை அதற்கு அளக்கத் தெரியாது.

தற்காலிகச் சேமிப்புச் செருகுநிரல்கள் இரண்டு இருப்பது வெறும் மிகைச்சுமை மட்டுமன்று, உங்கள் தளத்தின் மந்தத்திற்கு அதுவே காரணமாக இருக்கவும் கூடும். இவை இரண்டும் ஒரே கோப்புறையில் ஒரே பெயருள்ள ஒரு கோப்பை வைத்தே வேலை செய்கின்றன. அந்த இடத்தில் ஒன்றுதான் உட்கார முடியும் என்பதால், ஒன்றை மற்றது தள்ளிவிட்டு இரண்டுமே அரைகுறையாக நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். அமைப்புகள் குறைவாக உள்ள சூப்பர் கேச்சை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். உங்கள் ஹோஸ்டிங் நிறுவனம் லைட்ஸ்பீடு வழங்கியைப் (சர்வர்) பயன்படுத்துகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு லைட்ஸ்பீடு கேச்சுக்கு மாறுவதே நல்லது.

வருகையாளர் எண்ணிக்கை காட்டுவது பெரும்பாலும் ஒவ்வொரு வருகைக்கும் தரவுத்தளத்தில் ஒரு முறை எழுதும், அதையும் எடுத்துவிடுங்கள். வலச்சொடுக்கைத் தடுப்பது கட்டுரையைத் திருடுபவரைத் தடுக்காது, மேற்கோளுக்காக ஒரு வரியை எடுக்க வரும் மாணவரைத்தான் தடுக்கும். அதை ஏன் இன்னும் போடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

விளம்பர மறுமொழிகளுக்கு அகிஸ்மெட் என்ற செருகுநிரல் போதும். வணிக நோக்கமில்லாத தனிநபர் தளத்திற்கு அதன் சாவி கட்டணமின்றிக் கிடைக்கும். பழைய இடுகைகளுக்கு மறுமொழியைத் தானாக மூடிவிடும் அமைப்பு வேர்ட்பிரஸிலேயே இருக்கிறது. ஆனால் ஊர்ப்பெயர்த் தளத்தில் ஐந்தாண்டு கழித்து அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்து எழுதும் குறிப்புதான் பொன் போன்றது. ஆகவே மூட வேண்டாம் என்பேன்.

எதையும் எடுப்பதற்கு முன் அப்டிராஃப்ட்பிளஸ் என்ற செருகுநிரல் வழியாகத் தளத்தின் முழுக் காப்புநகலை கூகுள் டிரைவில் சேமியுங்கள். பிறகு "ஹெல்த் செக் அண்ட் ட்ரபிள்ஷூட்டிங்" என்ற செருகுநிரலை நிறுவினால், வாசகர்களுக்குத் தளம் வழக்கம்போலத் தெரிய, உங்களுக்கு மட்டும் எல்லாச் செருகுநிரல்களும் அணைந்த நிலையில் தளத்தைக் காட்டும். ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் எது எதற்கு என்று தெரிந்துவிடும். வேண்டாதவற்றை முடக்குவதோடு நிறுத்தாமல் அழித்தும் விடுங்கள். முடக்கிய செருகுநிரலின் கோப்புகள் வழங்கியிலேயே கிடப்பதால், அவற்றில் ஓட்டை இருந்தால் அதன் வழியே உள்ளே நுழைய முடியும்.

எழுத்தெண்ணி

ஆசிரியை அவர்களின் ஐகாரத்தை விழுங்கியது செருகுநிரல் அன்று, வேர்ட்பிரஸேதான். இடுகையின் முகவரித்துண்டுக்கு (தலைப்பிலிருந்து உருவாகும் முகவரியின் கடைசிப் பகுதி) தரவுத்தளத்தில் 200 குறிகளுக்குத்தான் இடம். தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக எழுதப்படுவதால், ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம் செலவாகிறது. "கு" என்பது நமக்கு ஓரெழுத்து. கணினிக்குக் ககரமும் உகரக் குறியுமாக இரண்டு. அந்தக் கணக்கில் "குடமூக்கு" 81 இடம், "கும்பகோணமான" 99 இடம், இடையிலும் பின்னும் இரண்டு சிறுகோடுகள்: ஆக 182. மிஞ்சிய 18 இடத்தில் "கத" என்ற இரண்டு குறிகள்தான் கொள்ளும். ஐகாரக் குறி வாசலிலேயே நின்றுவிட்டது.

இதற்கும் செருகுநிரல் வேண்டாம். எழுதும் பக்கத்திலேயே முகவரித்துண்டைத் திருத்தும் பெட்டி இருக்கிறது. அதில் இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் கையால் இட்டுவிடுங்கள், வாட்ஸ்அப் தொல்லையும் அதோடு தீரும். ஏற்கெனவே வெளியான இடுகையின் முகவரித்துண்டை மாற்றினால், பழையதை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துக்கொண்டு அங்கே வருபவரைப் புதியதற்கு அனுப்பும்; இருந்தாலும் முதலில் ஓர் இடுகையில் சோதித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள்.

தேடலில் சிக்கல் சற்று ஆழமானது. வேர்ட்பிரஸின் தேடல், தட்டச்சிட்ட குறிகள் அப்படியே எங்கே வருகின்றன என்று மட்டும் பார்க்கும். "குளம்" அத்துச் சாரியை பெற்றால் மகரம் கெடும் என்பது நன்னூல் படித்தவருக்குத் தெரியும், தரவுத்தளத்திற்குத் தெரியாது. சரி, "குள" என்று தேடலாமே என்றால் குளிரும் குளியலும் சேர்ந்து வரும். "ளி" என்பது கணினிக்கு ளகரமும் இகரக் குறியும்தானே! ரெலவான்சி என்ற செருகுநிரல் தனியாகச் சொல்லட்டவணை தொகுத்துக்கொண்டு, குறிச்சொற்களையும் சேர்த்துத் தேடும். ஆனால் அதற்கும் புணர்ச்சி தெரியாது. நான் செய்வது எளிய வழி: ஒவ்வோர் இடுகைக்கும் சுருக்கத்தைக் கையால் எழுதி, அதில் வேர்ச்சொல்லை எழுவாய் வடிவில் ஒரு முறையாவது வரச் செய்துவிடுவேன். வேர்ட்பிரஸின் தேடல் தலைப்பு, உள்ளடக்கம், சுருக்கம் மூன்றையும் பார்ப்பதால் இடுகை அகப்பட்டுவிடும்.

பழைய பதிவன்

மாற்றுக் கருத்து ஒன்று. ப்ளாக்கரிலேயே இருந்திருந்தால் புதுப்பிப்பும் இல்லை, காப்புநகல் கவலையும் இல்லை, ஆண்டுக்கட்டணமும் இல்லை. 340 இடுகைகள் ஒருவர் வாழ்நாளில் சேர்த்த செல்வம். டொமைனைப் புதுப்பிக்க ஒரு முறை மறந்தால், அல்லது புதுப்பிக்க ஆளே இல்லாமல் போனால், தளம் போய்விடும். ப்ளாக்கர் தரும் பிளாக்ஸ்பாட் முகவரிக்கு அப்படிப் புதுப்பிக்க வேண்டிய தொல்லை இல்லை. மாறியது மாறியதாகவே இருக்கட்டும், ஆனால் பழைய வலைப்பதிவை அழித்துவிடாதீர்கள் அம்மா.

எழுத்தெண்ணி

பழையதை அழிக்கக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் தமிழ்த் தலைப்பை ப்ளாக்கர் எப்படி நடத்துகிறது என்பதையும் பாருங்கள்: முகவரியில் தமிழே இராது, "பிளாக்-போஸ்ட்" என்ற சொல்லும் ஓர் எண்ணும்தான் இருக்கும். இன்னொன்று, கொண்டுவந்த இடுகைகளின் படங்கள் இன்னமும் கூகுளின் வழங்கியிலிருந்தே வருகின்றனவா என்று சரிபாருங்கள்; அப்படியானால் பழைய வலைப்பதிவை அழித்த அன்று புதிய தளத்திலும் படங்கள் மறையலாம்.

ரைன் கரைத் தமிழன்

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். எழுத்துருவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்பதால் இது. பல தீம்கள் (தளத்தின் தோற்ற வடிவமைப்புகள்) எழுத்துருவை கூகுள் வழங்கியிலிருந்து நேரடியாக எடுக்கின்றன. வாசகரின் ஐ.பி. முகவரி அவர் சம்மதமின்றி கூகுளுக்குப் போகிறது என்பதற்காக, 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு தள உரிமையாளரை 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. இங்குள்ள தமிழ்ச் சங்கத் தளங்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அது பெரிய தலைவலி. உங்களுக்கு அந்தச் சட்டக் கவலை இல்லாவிட்டாலும், எழுத்துருவைச் சொந்த வழங்கியில் வைப்பது நல்லது. 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பிலிருந்து, பிளாக் தீம் பயன்படுத்துவோர் எழுத்துரு நூலகத்தின் வழியாக நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவற்றைச் செருகுநிரல் இல்லாமலே தளத்துக்குள் இறக்கிக்கொள்ளலாம். வரி இடைவெளியை 1.7 அளவுக்குக் கூட்டுங்கள். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துத் தீம்கள் தரும் இடைவெளியில் நம் கொம்பும் சுழியும் மேல்வரியோடு முட்டுகின்றன.

குடந்தை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. நான்கு நாள் உட்கார்ந்து 27-ஐ ஒன்பதாக்கியிருக்கிறேன். டோட்டல் கேச்சை அழித்த மாத்திரத்தில் தளம் வெள்ளைப் பக்கமாகிவிட்டது. காப்புநகல் இருக்கிறது என்ற தைரியத்தில் ஹோஸ்டிங் உதவிப்பிரிவை அழைத்தேன். அவர்கள் அது விட்டுச்சென்றிருந்த கோப்பை நீக்கியதும் தளம் எழுந்தது. முகப்பு இப்போது சட்டென்று திறக்கிறது. ஐகாரத்தின் கணக்கைப் படித்துச் சிரித்தேன். வகுப்பில் மாத்திரைக் கணக்கு நடத்திய எனக்கு இந்தக் கணக்கும் பிடித்துப்போயிற்று. பழைய வலைப்பதிவு அழியாமல் இருக்கிறது, படங்கள் அங்கிருந்துதான் வருகின்றன என்பதையும் கண்டுகொண்டேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். தொடர்புப் படிவத்தில் எழுதியதாக மூவர் சொன்னார்கள், எனக்கு ஒரு மடலும் வந்துசேரவில்லை. அவர்கள் எழுதியவை எங்கேனும் சேமிக்கப்பட்டிருக்குமா?

நிரல் நெசவாளன்

இல்லை அம்மா. காண்டாக்ட் ஃபார்ம் 7 செய்தியை மின்னஞ்சலாக அனுப்பிவிட்டு மறந்துவிடும்; தளத்தில் சேமிக்காது. வழங்கியிலிருந்து நேரடியாகப் புறப்படும் அஞ்சலை மின்னஞ்சல் நிறுவனங்கள் பெரும்பாலும் ஐயத்தோடுதான் பார்க்கும். ஆகவே உங்கள் குப்பை மடல் கோப்புறையை முதலில் பாருங்கள், அங்கே இருக்க வாய்ப்புண்டு. இனிமேல் தவறாமலிருக்க, அதே ஆசிரியர் எழுதிய ஃபிளமிங்கோ என்ற செருகுநிரலை நிறுவினால் வருகிற ஒவ்வொரு செய்தியும் தரவுத்தளத்தில் ஒரு படி இருக்கும். டபிள்யூபி மெயில் எஸ்எம்டிபி என்ற செருகுநிரல் வழியாக உங்கள் மின்னஞ்சல் கணக்கிலிருந்தே அஞ்சல் புறப்படும்படி அமைத்துவிடுங்கள். ஒன்பது பதினொன்றாகும், பரவாயில்லை.

குடந்தை ஆசிரியை

குப்பைக் கோப்புறையில் மூன்றும் இருந்தன. ஒருவர் குளத்தூர்க்காரர், ஊரில் அந்தக் குளமே இப்போது இல்லை என்று எழுதியிருக்கிறார்.