புதுப்பிப்பு: டெட் ஸ்பேஸ் 2 முடித்துவிட்டேன்

டெட் ஸ்பேஸ் 2 என்ற திகில் வீடியோ கேமில் பாதி ஆட்டத்தில் இருந்தபோது, "முதல் பாகத்தின் பயம் இதில் இல்லை, சண்டைதான் அதிகம்" என்று இங்கே எழுதியிருந்தேன். இப்போது முடித்துவிட்டேன். சண்டை அதிகம் என்பதில் மாற்றமில்லை. 2008-இல் வந்த முதல் பாகத்தில் நாம் ஆடும் நாயகன் ஐசக் வாயே திறக்க மாட்டார்; இஷிமுரா விண்கப்பலின் இருட்டில் நாமே தனியாக மாட்டிக்கொண்டது போல இருக்கும். 2011-இல் வந்த இதில் அவர் பேசுகிறார், கோபப்படுகிறார். அந்தத் தனிமை கொஞ்சம் குறைகிறது.

ஆனால் பத்தாவது அத்தியாயத்துக்காகவே இதை ஆடலாம். மறுபடியும் இஷிமுராவுக்குள் போகிறோம். கப்பலைக் கழுவித் துடைத்து, அங்கங்கே பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தியிருக்கிறார்கள். ரொம்ப நேரத்துக்கு எந்தக் கோர உருவமும் நம் மேல் பாய்வதில்லை. போன தடவை எது எங்கிருந்து வந்தது என்று நமக்குத்தான் தெரியுமே, ஒவ்வொரு கதவிலும் கை தயங்குகிறது. முதல் பாகம் ஆடாதவர்களுக்கு இது வெறும் காலி நடைபாதை. அதனால் வரிசையாகவே ஆடுங்கள்.

அப்புறம், ஈர்ப்பில்லாத இடங்களில் இப்போது பறக்கலாம்; முன்பு ஒரு சுவரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ மட்டும்தான் முடியும். ஐசக்கின் கண்ணில் ஊசி இறங்கும் காட்சியில் அதை நாமேதான் செய்ய வேண்டுமா என்று கேட்டவருக்கு: ஆமாம், அலைபாயும் அந்த விழியைக் குறிவைத்து நாமேதான் இறக்க வேண்டும்.