டிரெய்லர் இழுக்கும்போது இன்ஜின் ஆயில் சூடு 128 டிகிரி: ஆயில் கூலர்தான் காரணமா?

வணக்கம். டீசல் வண்டி ஓட்டுகிற, பழுது பார்க்கிற அண்ணன்மார் உதவணும்.

வண்டி 2019ல் பதிவான 2.8 லிட்டர் டர்போ டீசல் பிக்கப், ஆட்டோ கியர். சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) 2029 வரை இருக்கு, அதனால் இன்ஜினைக் காப்பாற்றியே ஆகணும். பின்னால் ஜெனரேட்டர் டிரெய்லர், ஏறக்குறைய ஒன்றரை டன். சாங்கியிலிருந்து துவாஸ் வரை பிஐஇ விரைவுச்சாலையில், 60க்கு மேல் போகாமல்தான் ஓட்டுறேன்.

மதிய வெயிலில் பாதி வழியிலேயே ஆயில் 128 டிகிரியைத் தொடுது. ஆனால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 96ஐத் தாண்டவில்லை. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்குது. ஓபிடி ரீடர் (வண்டிக் கணினியின் அளவுகளைக் காட்டும் கருவி) மாட்டியதால்தான் இதெல்லாம் தெரிய வந்தது. டிரெய்லர் இல்லாமல் ஓட்டினால் ஆயில் 104. மூன்று மாதமாக இப்படி. அதற்கு முன் இதே சுமைக்கு 110தான் காட்டும்.

5டபிள்யூ-30 ஆயிலை சூட்டில் இன்னும் கெட்டியாக நிற்கும் 5டபிள்யூ-40க்கு மாற்றினேன், ஃபில்டரும் புதுசு. தெர்மோஸ்டாட் மாற்றியாச்சு. ரேடியேட்டர், இன்டர்கூலர் இரண்டையும் கழற்றிக் கழுவினோம். ஃபேன் கிளட்ச் நன்றாகப் பிடிக்குது. கியரைக் குறைத்து ஓட்டினால் நாலைந்து டிகிரி இறங்குது, அவ்வளவுதான். ஆயில் பிரஷர் விளக்கு எரியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துது. பழைய கூலன்ட்டை வடித்தபோது அடியில் பழுப்பு நிறக் கசடு, விரலில் தேய்த்தால் நறநறவென்று இருந்தது. ஆயில் கூலருக்குள் ஓடுவதும் அதே கூலன்ட்தானே. கூலன்ட்டுக்கும் ஆயிலுக்கும் 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வருவதற்கு அந்தக் கசடு கூலருக்குள் அடைத்திருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பட்டறையில் அதைத் தொடாமல், முன்னால் காற்றில் குளிரும் தனி ஆயில் கூலர் வைக்கச் சொல்றாங்க.

இந்த அறிகுறிகளுக்கு முதலில் இன்ஜினில் இருக்கிற ஆயில் கூலரை மாற்றணுமா, தனி கூலர் வைக்கணுமா?