பெக்கான் பை கசப்பது ஏன்? அந்த மரத்துக்கு டெக்சஸில் இவ்வளவு மதிப்பு ஏன்?

கேள்வி: பின்கட்டு மரம்

வணக்கம். நாங்கள் சான் அன்டோனியோவுக்குக் குடிவந்து இது இரண்டாவது ஆண்டு. வாடகை வீட்டின் பின்கட்டில் கூரையைத் தாண்டி வெகு உயரம் வளர்ந்த ஒரு பெக்கான் மரம் (வால்நட் குடும்பத்தைச் சேர்ந்த கொட்டை மரம்) இருக்கிறது. நவம்பர் தொடங்கியதும் பச்சை மேல்தோல் நான்காக வெடித்து, கோடு போட்ட பழுப்புக் கொட்டைகள் புல்தரையில் விழத் தொடங்கின. பொறுக்கிச் சேர்த்ததில் ஒரு வாளி நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டில் இருக்கும் மெக்சிகோ வழிவந்த பெரியவர், இது டெக்சஸ் மாநிலத்தின் மரம் என்றும், வீணாக்கக் கூடாது என்றும் சொன்னார். அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. வேறு எத்தனையோ மரங்கள் இங்கே இருக்கும்போது இதற்கு மட்டும் இந்த இடம் எப்படிக் கிடைத்தது என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி சமையலறையைச் சேர்ந்தது. பொறுக்கிய இரண்டாம் நாளே கொட்டைகளை உடைத்து, 3 முட்டை, 1 கப் கார்ன் சிரப் (சோளப் பாகு), 1 கப் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய், சிறிது வெனிலா என்ற வழக்கமான அளவில் பெக்கான் பை (pie, மாவு ஓட்டில் இனிப்புக் கலவையை ஊற்றி ஓவனில் சுடும் பண்டம்) செய்தேன். 175 டிகிரி செல்சியஸில் 50 நிமிடம் ஓவனில் வைத்தேன். மேற்புறம் நல்ல நிறமாக வந்துவிட்டதே என்று வெளியே எடுத்து, அரை மணி நேரத்தில் வெட்டினேன். நடுப்பகுதி பாகாக ஓடியது. அதைவிட வருத்தம், சாப்பிட்டு முடித்த பிறகு நாக்கில் ஒரு துவர்ப்பும் கசப்பும் தங்கிவிட்டன. பருப்பும் மொறுமொறுப்பாக இல்லாமல் ரப்பர்போல் இருந்தது. கடையில் வாங்கும் பருப்பில் இந்தக் கசப்பு இருப்பதில்லை. மரத்தில் குறையா, என் கையில் குறையா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி 1: ஓவன் பக்கம்

சகோதரி, மரத்தில் குறை இல்லை. மூன்று இடங்களில் அவசரம் நடந்திருக்கிறது. மூன்றையும் திருத்திக்கொள்ளலாம்.

முதலில் கசப்பைப் பார்ப்போம். ஒரு கொட்டையை உடைத்து, இரண்டு பாதிப் பருப்புகளுக்கும் நடுவே இருப்பதை வெளிச்சத்தில் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில், தக்கை மாதிரியான ஒரு தடுப்புத் தோல் இருக்கும். பருப்பின் முதுகில் நீளவாக்கில் ஓடும் இரண்டு பள்ளங்களிலும் அதே தோலின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதி. உங்கள் நாக்கில் தங்கிய துவர்ப்பு அங்கிருந்துதான் வந்தது. கடைப் பருப்பில் அது இல்லாததற்குக் காரணம், அதை யாரோ அல்லது ஏதோ ஓர் இயந்திரம் உங்களுக்கு முன்பே அகற்றிவிட்டதுதான். வீட்டில் செய்யும்போது ஒரு கூர்மையான பல்குச்சியால் அந்தப் பள்ளங்களைச் சுரண்டி எடுக்க வேண்டும். உடைப்பதற்கு முன் முழுக் கொட்டைகளைச் சிறிது நேரம் வெந்நீரில் போட்டு வைத்தால் பருப்பு சற்று இளகி, உடைக்கும்போது நொறுங்காமல் முழுப் பாதிகளாக வரும், தடுப்புத் தோலும் எளிதில் கழன்றுவிடும்.

ரப்பர்த்தன்மைக்குக் காரணம் ஈரம். மரத்திலிருந்து அப்போதுதான் விழுந்த கொட்டையில் தண்ணீர் மிகுந்திருக்கும். அதை நிழலில், காற்றோட்டமாக, ஒரே அடுக்காகப் பரப்பி இரண்டு வாரமாவது உலர்த்த வேண்டும். விற்பனைக்குப் போகும் பருப்பில் ஈரம் 4 சதவீத அளவுக்கு இறங்கியிருக்கும். இதற்கு அளவுகருவி எதுவும் வேண்டாம். ஒரு பருப்பை எடுத்து வளைத்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் காய வேண்டும், ‘டக்’ என்று ஒடிந்தால் அது தயார்.

இனி நடுப்பகுதி ஓடியதைப் பற்றி. பெக்கான் பை என்பது அடிப்படையில் பால் சேர்க்காத கஸ்டர்ட். அதை இறுக்கிப் பிடிப்பது முட்டை மட்டுமே. முட்டை இவ்வளவு சர்க்கரையோடு சேர்ந்திருக்கும்போது உறையும் வெப்பம் உயர்ந்துவிடுகிறது. ஆகவே மேற்புற நிறத்தை நம்பக் கூடாது. நடுவில் வெப்பமானியைச் செருகினால் 93 டிகிரி காட்ட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால், தட்டை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஓரம் அசையாமல் நிற்க, நடுவில் உள்ளங்கை அகலம் மட்டும் அல்வாபோல் குலுங்கினால் எடுத்துவிடலாம். தண்ணீர்போல் அலையடித்தால் இன்னும் நேரம் வேண்டும். நிறம் அதற்குள் மிகுந்துவிடும் என்று பயந்தால் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். நீங்கள் வைத்த 50 நிமிடம் இந்த அளவுக்குப் பெரும்பாலும் போதாது, 60 முதல் 70 நிமிடம் வரை ஆகலாம்.

எடுத்த பிறகு நான்கு மணி நேரம் தொடவே கூடாது. ஆறும்போதுதான் அது முழுமையாக இறுகுகிறது. அரை மணி நேரத்தில் வெட்டினால் எத்தனை கவனமாகச் செய்ததும் ஓடத்தான் செய்யும்.

ஒரு சொந்தக் கருத்தும் உண்டு. பருப்பைத் தனியாக 8 நிமிடம் அதே வெப்பத்தில் வறுத்துவிட்டுப் பிறகு பாகில் சேர்த்தால் மணம் இரு மடங்காகும். இந்த ஒரு வேலையை ஒருபோதும் விடாதீர்கள். கார்ன் சிரப் இங்கே இனிப்புக்காக மட்டும் சேர்ப்பதில்லை. சர்க்கரை மறுபடியும் மணல்போல் படிகமாகிவிடாமல் அதுதான் காக்கிறது. லூசியானாவில் கரும்புப் பாகைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுவைதான் மேலானது, ஏனென்றால் கரும்புப் பாகின் லேசான கருகல் சுவை பருப்பின் எண்ணெய்ச் சுவைக்கு எதிர்நின்று தாங்குகிறது.

மறுமொழி 2: பழைய தாள்கள்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். டெக்சஸ் 1919-இல் பெக்கானைத் தன் மாநில மரமாகச் சட்டமாக்கியது. அதற்குப் பின்னால் ஒரு மனிதரின் கடைசி விருப்பம் இருக்கிறது. ஜேம்ஸ் ஸ்டீபன் ஹாக் என்பவர் டெக்சஸ் மண்ணிலேயே பிறந்து அதன் ஆளுநரான முதல் மனிதர். 1906 மார்ச்சில் இறப்பதற்கு முன், தனக்குக் கல்லாலோ பளிங்காலோ நினைவுச்சின்னம் வேண்டாம் என்றும், தலைமாட்டில் ஒரு பெக்கானும் கால்மாட்டில் ஒரு வால்நட்டும் நட வேண்டும் என்றும், அவை காய்க்கும்போது கொட்டைகளை டெக்சஸின் எளிய மக்களுக்குக் கொடுத்து நடச் சொல்லி மாநிலத்தையே மரங்களின் நாடாக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ஆஸ்டினின் ஓக்வுட் கல்லறையில் அவ்வாறே நட்டார்கள். பின்னர் 2001-இல் பெக்கான் மாநிலத்தின் நலவாழ்வுக் கொட்டையாகவும், 2013-இல் பெக்கான் பை மாநிலத்தின் பையாகவும் அறிவிக்கப்பட்டன.

ஆயினும் ஆளுநர் கேட்டதால் மட்டும் ஒரு மரம் மக்கள் மனத்தில் இப்படி வேரூன்றாது. பெக்கான் வேறெங்கிருந்தும் கொண்டுவரப்பட்டதன்று. மிசிசிப்பி ஆற்றுப் படுகையிலும், டெக்சஸின் ஆற்றங்கரைகளிலும், வடக்கு மெக்சிகோவிலும் அது தானாகவே வளர்ந்தது. 1530-களில் இந்தப் பக்கம் வழிதப்பி அலைந்த ஸ்பானியரான கபேசா தெ வாகா, பழங்குடி மக்கள் ஆற்றங்கரைக்குக் கூட்டமாக வந்து கொட்டைகளைத் தின்றே நாட்களைக் கழித்ததை எழுதி வைத்திருக்கிறார். பெக்கான் என்ற பெயரே வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் அல்கோன்கியன் மொழிக் குடும்பத்திலிருந்து வந்தது. உடைப்பதற்குக் கல் தேவைப்படும் கொட்டை என்பது அதன் பொருள்.

அந்தக் கல்லின் இடத்தில் பிற்காலத்தில் மனிதக் கைகள் இருந்தன. நீங்கள் சான் அன்டோனியோவில் இருப்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1930-களில் நாட்டின் பெக்கான் உடைக்கும் தொழிலுக்கு உங்கள் ஊர்தான் மையம். நகரின் மேற்குப் பகுதியில், காற்றோட்டமில்லாத நூற்றுக்கணக்கான கொட்டகைகளில், பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த பெண்கள் நாள் முழுவதும் உட்கார்ந்து, மேலே நண்பர் சொன்ன அதே தடுப்புத் தோலை விரலால் பிரித்தெடுத்தார்கள். கொட்டைத் தூசி நுரையீரலில் இறங்கியது, காசநோய் பரவியிருந்தது. வாரம் முழுவதும் உழைத்தும் கைக்கு வந்தது இரண்டு மூன்று டாலர். அந்தக் கூலியையும் குறைத்தபோது, 1938 ஜனவரி 31 அன்று ஏறத்தாழ 12,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்கு முன்னின்றவர் எம்மா தெனாயூகா. அப்போது அவருக்கு வயது 21. சில வாரங்களில் பேச்சுவார்த்தை நடந்து கூலி ஓரளவு உயர்ந்தது. ஆனால் அதே ஆண்டு நாடு முழுவதற்கும் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி என்ற சட்டம் வந்ததும், முதலாளிகள் இயந்திரங்களைக் கொண்டுவந்து ஆயிரக்கணக்கானோரை வெளியே அனுப்பினார்கள். அந்த ஊரில் பெக்கானைப் பற்றிப் பெருமையோடு பேசும் முதியவர்களின் குரலில் இந்த நினைவும் சேர்ந்தே இருக்கும் என்று நான் கருதுகிறேன்.

மறுமொழி 3: தோப்புக்காரர்

நான் ஜார்ஜியாவில் பெக்கான் தோப்பு ஒன்றில் பல பருவங்கள் வேலை பார்த்தவன். மறுமொழி 2-இல் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஜார்ஜியா பெக்கானின் பிறந்த மண் அன்று. ஆனாலும் பல ஆண்டுகள் நாட்டிலேயே மிகுந்த விளைச்சல் இங்கிருந்துதான் வந்திருக்கிறது. ஆற்றங்கரையில் தானாக முளைத்த மரம் தோப்புப் பயிராக மாறியதற்கு ஒட்டுக்கட்டும் கலையே காரணம்.

பெக்கான் கொட்டையை நட்டால் தாய்மரத்தைப் போன்ற பிள்ளை வராது. ஒவ்வொரு நாற்றும் ஒரு தனிப் பிறவி. ஒன்றில் கொட்டை சிறுத்துப்போகும், இன்னொன்றில் ஓடு தடிக்கும். நல்ல மரத்தை அப்படியே பெருக்க வேண்டுமானால் அதன் குச்சியை வேறு மரத்தில் ஒட்டவேண்டும். அதைப் பலரும் முயன்று தோற்றுக்கொண்டிருந்த காலத்தில், லூசியானாவின் ஓக் ஆலி பண்ணையில் அடிமையாக இருந்த அன்டுவான் என்ற தோட்டக்காரர், 1846-47 குளிர்காலத்தில் 16 மரங்களில் வெற்றிகரமாக ஒட்டுக்கட்டினார். மெல்லிய ஓடு கொண்ட அந்த ரகம் 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் பரிசு பெற்றது, ‘சென்டெனியல்’ என்ற பெயரும் பெற்றது. அந்தப் பெயரில் அவர் இல்லை. பண்ணையின் சொத்துப் பட்டியலில் மட்டுமே, தேர்ந்த ஒட்டுக்கட்டுநர் என்ற குறிப்போடும் ஒரு விலையோடும் அவர் இருக்கிறார். பெக்கானை ஒரு மாநிலத்தின் அடையாளம் என்று கொண்டாடும் இடங்களில் எல்லாம் முதலில் சொல்லவேண்டிய பெயர் அவருடையது என்பதே என் எண்ணம்.

உங்கள் பின்கட்டு மரத்துக்கு வருகிறேன். கொட்டை சிறியதாகவும் ஓடு தடிப்பாகவும் இருந்தால் அது ஒட்டு மரமன்று, நாட்டு மரமாக இருக்க வாய்ப்பு மிகுதி. அப்படியானால் வருந்தாதீர்கள். நாட்டுக் கொட்டையில் பிரித்தெடுக்கும் வேலை அதிகம், ஆனால் எண்ணெயும் மணமும் அதில்தான் கூடுதல் என்பார்கள். என் நாக்கும் அதைத்தான் சொல்கிறது. பை செய்வதற்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன். பெரிய கொட்டைகளை மேலே அழகுக்கு அடுக்கிக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு இதே அளவு விழும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெக்கான் ஓராண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு இளைப்பாறும். பருப்பு நிறைவது கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும் என்பதால், மரம் தன் சேமிப்பையெல்லாம் அதற்கே செலவழித்துவிடுகிறது. அடுத்த வசந்தத்தில் பெண்பூக்கள் குறைந்துபோகின்றன. ஆகவே வாளி நிறைந்த ஆண்டில் சேமித்து வையுங்கள். பருப்பின் எடையில் 70 சதவீதத்துக்கும் மேல் கொழுப்பு. வெளியே வைத்தால் சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும், பக்கத்தில் வெங்காயம் இருந்தால் அந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு ஆண்டுகள் வரை தாங்கும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. எழுதுவதற்கு மூன்று வாரம் காத்திருந்தேன், ஏனென்றால் கொட்டைகள் காயும்வரை பதில் சொல்ல எதுவும் இல்லை.

என்னுடையது நாட்டு மரம்தான். கொட்டை என் கட்டைவிரல் நுனியளவே இருக்கிறது. நேற்று வெந்நீரில் போட்டெடுத்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து உடைக்கத் தொடங்கினேன். மறுமொழி 2-ஐப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொல்லியிருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போய், மரப்பிடி தேய்ந்த ஒரு சிறிய கொக்கிக் கத்தியோடு வந்தார். அது அவருடைய தாயாருடையது. பள்ளத்தில் அதை எந்தச் சாய்வில் வைத்து இழுத்தால் தடுப்புத் தோல் ஒரே துண்டாக வரும் என்று காட்டினார். நான் பல்குச்சியோடு ஒரு பருப்பைச் சுத்தம் செய்வதற்குள் அவர் ஐந்தை முடித்துவிட்டார். இரண்டு பேருமாக ஒன்றரை கப் பருப்பு சேர்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு நாள் முழுவதும் இதைச் செய்தவர்கள் எத்தனை பவுண்டு பிரித்திருப்பார்கள் என்று கேட்டேன். அம்மா அதைப் பற்றிப் பேசியதில்லை, இரவில் இருமியது மட்டும் நினைவிருக்கிறது என்றார்.

பருப்பை வறுத்துச் சேர்த்தேன். 62-ஆம் நிமிடத்தில் வெப்பமானி 93 காட்டியது. மாலை வரை தொடவில்லை. வெட்டியபோது துண்டு நிமிர்ந்து நின்றது, துவர்ப்பு துளியும் இல்லை. பாதியைப் பெரியவருக்குக் கொடுத்தேன். வாளியின் அடியில் உடைக்காத கொட்டைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஆறேழை ஈரமணலில் புதைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன், வசந்தத்தில் முளைக்கவைக்க. நாற்று வந்தால் அதில் உங்கள் ஜார்ஜியா ரகம் எதையாவது ஒட்டலாமா, அல்லது நாட்டு மரமாகவே வளரவிடுவது நல்லதா என்பதைத் தோப்புக்காரர் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 4: தோப்புக்காரர்

இரண்டையும் செய்யுங்கள். பாதியை அப்படியே விடுங்கள். மீதியில், தண்டு பென்சில் தடிமனைத் தாண்டியதும் ஒட்டலாம், ஆனால் குச்சியை ஜார்ஜியாவிலிருந்து வாங்காதீர்கள். இங்குள்ள ரகங்கள் ஈரக்காற்றுக்குப் பழகியவை. உங்கள் பக்கத்து ஆற்றங்கரையில் நல்ல கொட்டை தரும் மரம் எது என்று அந்தப் பெரியவரிடமே கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். குளிர்காலத்தில் மரம் உறங்கும்போது குச்சியை வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் குளிரில் வையுங்கள். ஏப்ரலில் பட்டை கழலத் தொடங்கும்போது எழுதுங்கள், ஒட்டுக்கட்டும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.