தறிக்குடோனில் ஒரு கணக்கு நோட்டு

சோமனூர்க்காரன்:
நாலு வருஷமாகிறது, இன்னும் உறுத்துகிறது. எங்கள் தறிக்குடோனில் தார் சுற்ற, அதாவது நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்ற வந்த பையன், பதினாறு வயது. அவங்கப்பா எங்களிடம் தறி ஓட்டியவர். அவர் இறந்துபோன பிறகு பையன் படிப்பை விட்டுவிட்டான், யார் பேசினாலும் எரிந்து விழுவான். கூலிக்கணக்கு பார்க்க நோட்டைத் திருப்பினால் பின்பக்கமெல்லாம் கவிதை.

கரண்ட் போனால்தான் தறி நிற்கும்
தறி நின்றால்தான்
அப்பா இருமாமல் இருப்பது கேட்கும்

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. திரும்பினால் பின்னாலேயே நிற்கிறான். கத்துவான் என்று நினைத்தேன். "தப்பு ஏதாச்சு இருக்குதுங்களாண்ணா?" என்றான். 'இறுமாமல்' என்று எழுதியிருந்தான். "சின்ன ர போடணும் கண்ணு" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. திருத்திவிட்டுத் தார் சுற்றப் போய்விட்டான்.

ஈரோட்டு டீச்சர்:
திருத்தியிருக்கக் கூடாதுங்க. என்னிடம் பிளஸ் டூ படித்த விடுதிப் பொண்ணு ஒன்று, யாரிடமும் பேசாது, சரியாகச் சாப்பிடாது. வேதியியல் நோட்டில் எழுதியிருந்ததை வார்டன் கிழித்துப்போட, துண்டுகளைப் பொறுக்கிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி என்னிடம் கொண்டுவந்தது. பருக்கை காய்ந்து எழுத்தெல்லாம் மேடு மேடாக இருந்தது. நான் ஒரு எழுத்தையும் தொடவில்லை, நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். 1971இல் கோவையில் 'வானம்பாடி' புதுக்கவிதை இதழ்க்காரர்கள் யாப்பையே ஒதுக்கிவிட்டுத்தானே எழுதினார்கள், இந்தப் பையனுக்கு ரகர றகரமா முக்கியம்?

கோபிக்காரர்:
டீச்சர், அவனே அல்லவா கேட்டான்? கவிதையாக மதித்துக் கேட்டவனுக்குப் பதில் சொன்னதில் என்ன தப்பு? என் தங்கச்சி மகன் டைரியைத் தோட்டத்துக் கிணற்றில் எறிந்துவிட்டு மறுநாள் அவனே இறங்கி எடுத்தான். அதோடு பெற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், எழுதினால் உடனே மனசு லேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவில் பென்னிபேக்கர் என்பவர் கல்லூரிப் பிள்ளைகளை நாளுக்கு 15 நிமிஷம், 4 நாள் மனக்காயத்தைப் பற்றி எழுதவைத்து 1986இல் ஆய்வு வெளியிட்டார். எழுதி முடித்ததும் மனசு கனத்துத்தான் இருந்தது, பின்வந்த மாதங்களில்தான் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. அதனால் நோட்டைத் திருட்டுத்தனமாகப் படிக்காதீர்கள், பக்கத்தில் இருங்கள். சாகிற பேச்சு வந்தால் மட்டும் கவிதைதானே என்று விடாமல் அரசு மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். பதினெட்டு வயதுக்குள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098உம் இருக்கிறது.

சோமனூர்க்காரன்:
டீச்சர் சொன்னதைத்தான் நானும் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பையன் தனித்தேர்வு எழுதிப் பிளஸ் டூ முடித்துவிட்டான். போன வாரம் தறியில் பாவு நூல் பிணைக்க வந்திருந்தான், நடுவில் கரண்ட் போனது. இரண்டு பேரும் பேசாமல் நின்றுகொண்டிருந்தோம்.